மதகில் தண்ணீர் வடியவில்லையா? இறங்குவதற்கு முன் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்

ஐப்பசி மழையில் வயல் மூழ்கியதும் நாம் எல்லாரும் செய்கிற முதல் காரியம், மண்வெட்டியும் துரட்டியும் எடுத்துக்கொண்டு பக்கத்து மதகில் இறங்குவது. பாதி நாள் அங்கேயே போய்விடும். குற்றம் அந்த மதகில்தானா, இல்லை இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு எங்கோவா என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். நடவு முடிந்த சம்பா முழுக மூழ்கிவிட்டால் நமக்குக் கையில் இருப்பது சில நாட்கள்தான். அதில் ஒரு நாளைத் தப்பான இடத்தில் செலவழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோரையாற்றுப் பாசனத்துக்காரன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் கடலோரத்தில் போய்ச் சேருகிற ஆறு அது. தலைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு கவலை என்றால், கடைமடையில் இருக்கிற எங்களுக்கு வரவில்லை என்றும் கவலை, வந்தது போகவில்லை என்றும் கவலை.

மதகு என்று இங்கே நான் சொல்வது சாலைக்கோ ரயில் பாதைக்கோ அடியில் தண்ணீரைக் கடத்திவிடுகிற சிறுபாலத்தை. மொத்த நீளம் 6 மீட்டருக்குள் இருந்தால் நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் கல்வெர்ட் என்பார்கள், அதற்கு மேல் போனால் பாலம். ஹியூம் பைப் போட்டது, காங்கிரீட் பெட்டி, கருங்கல் சுவரின் மேல் ஸ்லாப் வைத்தது, சுண்ணாம்பில் கட்டிய பழைய செங்கல் வளைவு என்று பல வகை நம் பக்கம் உண்டு. நோய் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் அளவு

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் வருகிற பக்கம், அதாவது மேல்பக்கம், மதகுக்கட்டையின் (சாலையோரக் கைப்பிடிச் சுவரின்) மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எவ்வளவு என்று அளக்க வேண்டும். அப்புறம் சாலையைக் கடந்து, தண்ணீர் போகிற கீழ்பக்கத்துக் கட்டையிலிருந்தும் அதே மாதிரி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

இரண்டு கட்டையும் ஒரே உயரமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கோடையில் ஒரு நாள் கொத்தனாரிடம் டியூப் மட்டம் வாங்கி வந்து, தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயை இரண்டு பேர் சாலையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டையிலும் ஒரே மட்டத்தில் பெயிண்டில் கோடு போட்டுவிடுங்கள். அரை மணி வேலை. மழைக்காலத்தில் அந்தக் கோட்டிலிருந்து அளந்தால் தவறே வராது. எங்கள் ஊரில் ஏழு மதகுக்கும் கோடு போட்டுவைத்திருக்கிறோம்.

வித்தியாசம் இரண்டு மூன்று அங்குலம் என்றால் மதகு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு சாணுக்கு மேல் போனால் மதகில்தான் அடைப்பு, அல்லது மதகே போதவில்லை. வித்தியாசமே இல்லை என்றால் மதகை விட்டுவிடுங்கள், பிரச்சினை கீழே இருக்கிறது. தண்ணீர் எதிர்த்து வருகிறது என்றால் அது தனிக் கதை.

மேல்பக்கம் தேங்குகிறது, கீழ்பக்கம் தாழ்ந்திருக்கிறது

இதுதான் மதகைச் சந்தேகிக்க வேண்டிய இடம். வாயில் என்ன நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஆகாயத்தாமரை, அறுப்புக்குப் பின் வாய்க்காலில் விழுந்த வைக்கோல், பிளாஸ்டிக் பை, மழையில் சாய்ந்த காட்டாமணக்கு எல்லாம் பின்னிக்கொண்டு மெத்தை மாதிரி நிற்கும். மேலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு கழியைச் செருகினால்தான் அதன் கனம் தெரியும். இதை எடுக்கும்போது கரையில் நின்று துரட்டியால் இழுத்து, மேல்பக்கக் கரையில்தான் போட வேண்டும். மதகுக்குள்ளே தள்ளிவிட்டு அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், பாதி வழியில் சிக்கி நிலைமை இன்னும் கெடும்.

ஓடுகிற தண்ணீரில் யாரும் மதகின் வாய்க்கு எதிரே இறங்கக் கூடாது. மேல்பக்கம் ஒரு சாண் உயர்ந்து நிற்கிறபோது அடைப்பு விடுபட்டால் தண்ணீர் இழுக்கிற இழுப்பு ஆளைக் குழாய்க்குள் கொண்டுபோய்விடும். நீச்சல் தெரிந்தாலும் உதவாது. இடுப்பில் கயிறு கட்டியிருந்தாலும் அந்த இழுப்புக்கு எதிராக இழுத்து எடுக்க முடியாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாய் சுத்தமாக இருந்தும் வித்தியாசம் குறையவில்லை என்றால் உள்ளே மண் ஏறியிருக்கிறது. சவுக்குக் கழியைக் குழாயின் மேல்விளிம்போடு ஒட்டி உள்ளே விட்டு, நுனியைத் தாழ்த்திப் பாருங்கள். எந்த ஆழத்தில் மண் தட்டுகிறது என்று தெரிந்துவிடும். குழாயில் பாதி உயரம் மண் இருந்தால் பாதித் தண்ணீராவது போகுமே என்று நாம் கணக்குப் போடுகிறோம். போகாது. வழி பாதியாகிறது, அதோடு மீதித் தண்ணீர் மண்ணையும் குழாயையும் உரசிக்கொண்டு போகவேண்டியிருப்பதால் வேகமும் குறைகிறது. கணக்குப் பார்த்தால், மண் இல்லாதபோது நிறைந்து ஓடியதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் போகும்.

சுத்தமாகத் தூர் வாரியும் தேங்குகிறதா? அப்படியானால் மதகு சிறியது. அகலப்படுத்திய சாலைகளில் இதை அதிகம் பார்க்கிறேன். பழைய பெரிய கண்ணை (தண்ணீர் போகிற திறப்பை) எடுத்துவிட்டுச் சின்னக் குழாய்களை வரிசையாகப் போட்டு, அதே பரப்பு வருகிறது என்பார்கள். 1,200 மில்லிமீட்டர் குழாய் ஒன்றுக்குப் பதிலாக 600 மில்லிமீட்டர் குழாய் நான்கு போட்டால் பரப்பு சரியாகத்தான் வரும். ஆனால் அதே சரிவில் அந்த நான்கும் சேர்ந்து கடத்துவது, ஒற்றைக் குழாய் கடத்துவதில் ஐந்தில் மூன்று பங்குதான். அதிலும் சின்ன வாயில் ஆகாயத்தாமரை சீக்கிரம் மாட்டும். இதற்கு மண்வெட்டி மருந்தாகாது. இரண்டு பக்க அளவையும் தேதி, நேரம் போட்டு எழுதி, கோடும் தண்ணீரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து, விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுங்கள். “மதகு சின்னது” என்று வாயால் சொல்வதைவிட “மேல்பக்கம் 38 சென்டிமீட்டர் உயர்ந்து நின்றது” என்று எழுதிக்கொடுக்கிற மனுவுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே மட்டம், ஆனாலும் வடியவில்லை

டெல்டாவில் இதுதான் அதிகம், நாம் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். சில வருடத்துக்கு முன் கார்த்திகையில் எங்கள் வடிகால் இரண்டு நாளாக அசையாமல் நின்றது. நாங்கள் பன்னிரண்டு பேர் ஊர் மதகையே குடைந்துகொண்டிருந்தோம். குழாய்க்குள்ளிருந்து கூடை கூடையாகச் சேறு எடுத்தும் தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அந்த வழியாகச் சைக்கிளில் வந்த லஸ்கர் (ஷட்டர், வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற நீர்வளத்துறை ஊழியர்) அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, தண்ணி நிக்கிற எடத்துல தேடாதீங்க. எறங்குற எடத்தைப் போய்ப் பாருங்க.”

அவரோடு வடிகால் கரையிலேயே நடந்தோம். அடுத்த மதகில் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். அதற்கடுத்ததிலும் அப்படியே. மூன்றாவது, ஒரு செங்கல் சூளைக்குப் போகிற வழிக்காக யாரோ குறுக்கே மண் கொட்டிப் பதித்த ஒற்றைக் குழாய். அதன் மேல்பக்கம் நிறைந்து நிற்கிறது, கீழ்பக்கம் இரண்டடி தாழ்ந்து சலசலவென்று ஓடுகிறது. குழாய் வாயில் ஒரு வாழைமரம் முழுதாக மாட்டியிருந்தது. அதை இழுத்துப் போட்ட அரை மணியில் எங்கள் ஊர் மதகுக்கட்டையில் ஈரக்கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது என்று தம்பி ஒருவன் போன் செய்தான். அன்று சாயங்காலம் நாற்று நுனி வெளியே தெரிந்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு இதுதான் முறை. ஒரு மதகில் வித்தியாசம் இல்லையென்றால் அதைத் தொடாமல் அடுத்ததற்கு நடக்கிறோம். எங்கே தண்ணீர் திடீரென்று கீழே இறங்குகிறதோ அங்கேதான் அடைப்பு. நிலம் இவ்வளவு தட்டையாக இருக்கிற ஊரில் ஒரு அடைப்பின் தேக்கம் வெகுதூரம் பின்னால் ஏறி நிற்கும். அதனால்தான் கண்ணுக்கெதிரே இருக்கிற மதகின் மேல் பழி விழுகிறது.

கடைசி மதகு வரை நடந்தும் இறக்கம் இல்லையென்றால் வடிகால் சேருகிற ஆறே உயர்ந்து நிற்கிறது, அல்லது கடைமடை இயக்கு அணையின் (ஷட்டர் வைத்துத் தண்ணீரைக் கட்டுப்படுத்துகிற அணையின்) ஷட்டர் மூடியிருக்கிறது, அல்லது ஓதம், அதாவது கடல் ஏற்றம். உப்புத்தண்ணீர் ஏறாமல் இருக்க மூடிய ஷட்டரை மழை வந்ததும் தூக்கியாக வேண்டும். அது நீர்வளத்துறை வேலை, லஸ்கருக்கோ பிரிவு அலுவலகத்துக்கோ உடனே சொல்லுங்கள். ஓதமா என்று தெரிந்துகொள்ள ஒரு மூங்கில் முளையை நட்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். மழை இல்லாத நாளிலும் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கினால் கடல்தான் தடுக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது கூடும். அந்த நேரத்தில் மதகைக் குடைவதில் பயன் இல்லை. ஓதம் வற்றுகிற சில மணி நேரத்தில் தண்ணீர் தடையில்லாமல் ஓட வழி சுத்தமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

தண்ணீர் எதிர்த்து வருகிறது

ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டுப் பாருங்கள். அது வயல் பக்கம் நகர்ந்தால் ஆறு வடிகாலைவிட உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது மதகைச் சுத்தம் செய்தால் ஆற்றை வயலுக்கு அழைத்து வருகிறீர்கள். ஷட்டர் இருந்தால் இறக்குங்கள். இல்லாவிட்டால் மணல் மூட்டையால் வாயை அடைத்துவிட்டு, மோட்டார் வைத்து இறைப்பது ஒன்றுதான் வழி. ஆறு இறங்கியதும் முதல் வேலையாக மூட்டையை எடுத்துவிட வேண்டும். மறந்துபோய் அடுத்த மழைக்குத் திண்டாடிய ஊர்கள் உண்டு.

பாசனத் தண்ணீர் மதகைத் தாண்டி ஏறவில்லை

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது. மதகுக்கு இந்தப் பக்கம் முழங்கால் ஆழம், அந்தப் பக்கம் ஈரம் மட்டும். அடைப்பும் இல்லை. அப்படியானால் குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் தரையைவிட உயரத்தில் இருக்கிறது.

இது எப்படி நேருகிறது என்றால், சாலை வேலை பெரும்பாலும் தண்ணீர் நிறுத்திய பிறகுதான் நடக்கும். வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் மூடுவார்கள், பிப்ரவரியிலிருந்து மே வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும். குழாய் பதிக்க வருகிறவர் கண்ணுக்குத் தெரிவது அன்றைக்கு இருக்கிற தரை. அது பல வருட வண்டல் ஏறிய தரை. அந்த மட்டத்துக்குக் குழாயை வைத்துக் காங்கிரீட் போட்டுவிடுகிறார்கள். அடுத்த கோடையில் பொக்லைன் வந்து வாய்க்காலை ஓரடி ஆழம் வாரிவிட்டுப் போகும். இப்போது குழாய் வாசல்படி மாதிரி மேலே நிற்கிறது. வாய்க்கால் ஓரடி நிறைந்தால்தான் முதல் சொட்டு தாண்டும். முறைவைத்து விடுகிற பாசனத்தில் வருகிற தண்ணீர் அதற்கே போதாது.

கட்டின பிறகு இதைச் சரி செய்வது பெரும்பாடு. உடைத்துத் தாழ்த்திப் பதிப்பதுதான் உண்மையான தீர்வு. வாய்க்காலுக்குக் குறுக்கே மூட்டை போட்டு மட்டத்தை உயர்த்துவது ஒரு வாரத்துக்கு ஓடும், ஆனால் மழைக்காலத்தில் அதே மூட்டை ஊரை மூழ்கடிக்கும். ஆகவே குழாய் பதிக்கிற அன்று போய் நில்லுங்கள். மேல் மதகின் பழைய தளம் ஒன்று, கீழ் மதகின் பழைய தளம் ஒன்று, இரண்டையும் மண்ணை விலக்கித் தேடிப் பாருங்கள். கல் தளமோ செங்கல் தளமோ கட்டாயம் தட்டும். அந்த இரண்டுக்கும் இடையில்தான் புதுக் குழாயின் அடி வரவேண்டும். டியூப் மட்டத்தைப் பிடித்து மேஸ்திரியிடம் அங்கேயே காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காங்கிரீட் விழுந்த பிறகு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே தெளிவு, வெளியே கலங்கல்

எல்லா அறிகுறியிலும் என்னைத் தூங்கவிடாதது இதுதான். மேல்பக்கம் தண்ணீர் தெளிவாக வருகிறது, கீழ்பக்கம் செம்மண் கரைசல் மாதிரி போகிறது. அப்படியானால் சாலையின் அடிமண் கரைந்துகொண்டிருக்கிறது. குழாய் இணைப்பு விலகி அதன் வழியாக மண் போகலாம். நண்டு வளை, எலி வளையைப் பிடித்துக்கொண்டு குழாய்க்கு வெளிப்பக்கமாகவே தண்ணீர் வழி கண்டிருக்கலாம். மதகின் ஓரத்தில் மேல்பக்கம் சின்னதாக ஒரு சுழி, தட்டு அகலம்கூட இருக்காது, இலையைப் போட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாலையில் தார் உடையாமல் மெதுவாகக் குழிந்திருக்கும். கட்டையோரம் ஒரு கை நுழைகிற ஓட்டை விழுந்திருக்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் முதலில் வண்டிகளை நிறுத்துங்கள். மேலே தார் அப்படியே இருக்க, அடியில் ஒரு மாட்டு வண்டி கொள்ளுகிற அளவுக்குப் பொந்து விழுந்திருக்கலாம். இரண்டு பக்கமும் மரக்கிளையை வெட்டிப் போட்டு, சிவப்புத் துணி கட்டி, 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

தண்ணீரைத் தடுக்க வேண்டுமென்றால் மேல்பக்கத்தில் தடுங்கள். தார்ப்பாயின் ஒரு விளிம்பில் மணல் மூட்டை கட்டிக் கரையிலிருந்து சுழியின் மேல் இறக்கினால், உள்ளே போகிற தண்ணீரே அதை இழுத்து ஓட்டையில் ஒட்டிவிடும். அதன் மேல் மூட்டை அடுக்கலாம். கீழ்பக்கம் கலங்கல் வருகிற ஓட்டையை மண் வைத்து அடைக்கிற தப்பைத்தான் பதறுகிறபோது எல்லாரும் செய்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அங்கே செய்யவேண்டியது, ஓட்டையைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மூட்டையை வட்டமாக அடுக்கி, தண்ணீரை உள்ளே ஏறவிடுவது. மட்டம் ஏற ஏற வேகம் குறையும், மண் வருவது நிற்கும். தெளிவாக வழிந்தால் போதும், வழிந்துகொண்டே இருக்கட்டும்.

2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையில் எந்த மதகும் நிறைந்து வழியத்தான் செய்யும். சாலைக்கு மேலே தண்ணீர் போனபிறகு வடிந்ததும் உடனே வண்டியை விடாமல், மேலே சொன்ன அறிகுறி எல்லாவற்றையும் ஒருமுறை தேடிவிட்டு விடுங்கள்.

கீழ்பக்கம் குழி விழுந்திருக்கிறது

மதகைவிட்டு வெளியேறுகிற வேகத்தில் கீழ்பக்கம் தரை பறிந்து மடு ஆகும். பிள்ளைகள் குளிக்க இறங்குகிற இடமும் அதுதான், சொல்லிவையுங்கள். தளத்தின் முனை அந்தரத்தில் தொங்கினால் அடுத்த வெள்ளத்தில் உடையும். கோடையில் பெரிய கருங்கல்லாகப் பரப்பி, தளத்தின் முனையில் ஆழமாக ஒரு தடுப்புச்சுவர் இறக்கினால் சரியாகிவிடும். செங்கல் உடைசலைக் கொட்டினால் நிற்காது.

ரயில் பாதைக்கு அடியில்

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் ரயில் வந்துவிட்டது, அடுத்த வருடம் திருச்சி வரை நீண்டது. நம் வாய்க்கால்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற அந்தப் பாதை மேட்டுக்கு எத்தனையோ மதகு. அளந்து பார்ப்பது அங்கேயும் இதே முறைதான், ஆனால் பாதை மேட்டின் மேல் ஏறாமல் இரண்டு பக்கமும் கீழே இருந்தே முளை அடித்துப் பார்க்க வேண்டும். வெட்டுவதோ, மூட்டை அடுக்குவதோ, கல்லைப் பெயர்ப்பதோ கூடவே கூடாது. சுவரில் எழுதியிருக்கிற பால எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக்கொடுங்கள். அந்த எண் இருந்தால்தான் அவர்களுக்கு இடம் தெரியும்.

மேட்டு மண் சரிந்தாலோ, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போய் அந்தரமாகத் தெரிந்தாலோ மனு எழுத நேரமில்லை. பக்கத்து கேட் கீப்பரிடம் ஓடுங்கள், இன்னொருவர் 139-க்குப் போன் செய்யட்டும். ரயில் வருவது தெரிந்தால் அது வருகிற திசையில் முடிந்த அளவு தூரம் ஓடி, பாதைக்கு வெளியே நின்று, பகலில் சிவப்புத் துணியை, இரவில் டார்ச்சை வேகமாக இப்படியும் அப்படியும் வீசுங்கள். சிவப்பு இல்லாவிட்டாலும் எந்தத் துணியையும் பலமாக வீசினால் டிரைவர் அதை ஆபத்து அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்வார். 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்தான் அந்த இடம். மழை இரவில் பாதையோரம் தண்ணீர் ஏறுகிறபோதெல்லாம் எங்கள் பெரியப்பா அதைச் சொல்லிவிட்டுத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.